பொம்மனஹள்ளியின் சிவப்புக் கோடு

கிருத்திகாவுக்குக் கொடுத்த அடையாள அட்டையில் அவள் பெயர் ஒரு வரியிலும் வேலையின் பெயர் இரண்டரை வரியிலும் இருந்தன. 'டேட்டா விஷுவலைசேஷன் இன்டர்ன்.' அதற்கே இடம் போய்விட்டதால் போட்டோவில் அவளுடைய இடது காதை வெட்டிவிட்டிருந்தார்கள். அப்படியென்றால் என்ன வேலை என்று அந்த அலுவலகத்தில் யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் அந்த வேலை தங்கள் தலையில் விழுந்துவிடும் என்ற பயம்.

அலுவலகம் பெங்களூர் அடுகோடியில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது. கீழே இரும்பைக் கடைகிற சத்தத்தில் மேலே பேசுவது பாதி காதில் விழாது. அதனாலேயே அங்கே கூட்டங்கள் எல்லாம் சுமுகமாக முடியும். 'லிட்டில் லேடர்ஸ்' அறக்கட்டளை என்று பெயர். வயதுக்கேற்ற எடை இல்லாத ஏழைக் குழந்தைகளைச் சேர்த்து, கஞ்சியும் முட்டையும் கொடுத்துத் தேற்றுவதற்காக, பெங்களூரின் தெற்குப் பக்கத்தில் ஏழு பால்வாடிகளை நடத்திவந்தது. சுவர் முழுக்கச் சிரிக்கிற குழந்தைகளின் படங்கள். அவற்றுக்கு நடுவே கண்ணாடிச் சட்டம் போட்டு அறக்கட்டளையின் பதினோரு விதிகள். படங்களைத் தினமும் துடைப்பார்கள். விதிகளின் மேல் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி இருந்தது.

இயக்குநர் சேஷகிரிக்கு எண்கள் என்றால் ஆகாது. முப்பத்திரண்டு வருஷம் மாநில அரசின் ஒரு துறையில் உட்கார்ந்து, கட்டுக் கட்டாக வந்த புள்ளிவிவரங்களைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பியவர் அவர். 2007 புது வருஷம் பிறந்த கையோடு டில்லியில் ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போனார். அங்கே யாரோ திரையில் வண்ண வண்ணமாகப் படம் போட்டுக் காட்ட, எண்ணையே பார்க்காமல் எண்ணைத் தெரிந்துகொள்ளலாம் என்ற உண்மை அவருக்கு அறுபத்தோராவது வயதில் விளங்கியது. விமானத்தில் திரும்பி வரும்போதே இன்டர்ன் ஒருவரை எடுப்பது என்று முடிவுசெய்துவிட்டார்.

கிருத்திகா வாணியம்பாடிப் பெண். எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர். நான்கு மாதம் எங்காவது ப்ராஜெக்ட் செய்து சான்றிதழோடு போனால்தான் பட்டம் கையில் வரும். சாஃப்ட்வேர் கம்பெனிகள் எல்லாம் கைவிரித்த பிறகு இந்த இடம் கிடைத்தது. பொம்மனஹள்ளியில் ஒரு பெண்கள் விடுதியில் கட்டில் பிடித்து, மேம்பாலத்துக்காகத் தோண்டிப்போட்ட ஒசூர் ரோட்டில் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தூசி குடித்து, தினமும் அடுகோடிக்கு வந்து இறங்குவாள்.

முதல் நாளே நோயல் ஏழு ரிஜிஸ்டர்களைக் கொண்டுவந்து அவள் மேஜையில் பொத்தென்று வைத்தான். நோயல் களப்பணி ஒருங்கிணைப்பாளர். ஒக்கலிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவன். ஆணோ பெண்ணோ, எல்லாரையும் 'மேன்' என்றே கூப்பிடுகிறவன். பதினெட்டு வருஷமாக அந்த அறக்கட்டளையில் இருந்து, எதற்கும் ஆச்சரியப்படாமல் இருக்கக் கற்றுக்கொண்டவன்.

"ரெண்டு வருஷத்து வெயிட் மேன். ஒவ்வொரு பால்வாடிலயும் இருவத்திரெண்டு பிள்ளைங்க. மாசா மாசம் தராசுல தொங்கவிட்டு எழுதியிருக்கோம். எழுதினதோட சரி, இதுவரைக்கும் ஒருத்தரும் தொறந்து பாக்கல. நீதான் ஃபர்ஸ்ட்."

அவள் இரண்டு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தட்டச்சு செய்தாள். ஆறு ரிஜிஸ்டர்கள் பார்க்கவே அழகாக இருந்தன. அதே இருபத்திரண்டு பெயர்கள், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. பொம்மனஹள்ளி ரிஜிஸ்டர் மட்டும் ஒரே களேபரம். பாதிப் பெயர்களின் மேல் கோடு. கோடு போட்ட பெயருக்குக் கீழே புதுப் பெயர். அதன் மேலும் கோடு. ஏன் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கிருத்திகா கல்லூரியில் படித்தபடி யோசித்து, அடித்த பெயர்கள் எல்லாம் பாதியில் நின்றுபோன குழந்தைகள் என்று முடிவுகட்டி, எண்ணிப் பார்த்து, 'டிராப்-அவுட்: 61' என்று போட்டாள். மற்ற ஆறுக்கும் டிராப்-அவுட் பூஜ்யம்.

பிறகு மாதத்துக்கு மாதம் சராசரி எடை கண்டு, பால்வாடிக்கு ஒரு கோடாக ஏழு கோடுகள் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

சேஷகிரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றியும் பார்த்தார். "ஏம்மா, எல்லாம் ஒரே நீலமா இருக்கே. எது நல்லது எது கெட்டதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"கோடு மேல போனா நல்லது சார். கீழ வந்தா நல்லதில்ல."

"அதை ஒவ்வொரு கோடா நான் பாத்துண்டு இருக்கணுமா? சிக்னல்ல நிக்கறச்சே போலீஸ்காரன் மூஞ்சியவா பாக்கறோம்? கலரைத்தானே பாக்கறோம்? ஸ்வல்ப அந்த மாதிரி பண்ணிக் கொண்டா."

பண்ணிக் கொண்டுபோனாள். ஆறு கோடுகள் பச்சையாக மேலே ஏறின. பொம்மனஹள்ளிக் கோடு மட்டும் சிவப்பாக, ஒன்பது கிலோவில் தொடங்கி எட்டே முக்காலுக்கு இறங்கியது. பக்கத்திலேயே இன்னும் பெரிய சிவப்பு எழுத்தில் 61.

தன் அமைப்பில் ஒரு பால்வாடி கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தால் ஒரு மனிதர் வருத்தப்படுவார் என்றுதான் கிருத்திகா எதிர்பார்த்தாள். சேஷகிரிக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பேஷ்! இதுதாம்மா வேணும். எல்லாம் பச்சையா இருந்தா அந்த வெளிநாட்டுக்காரா நம்பமாட்டா. ஒண்ணாவது ரெட்டா இருந்தாத்தான் மத்த ஆறும் நெஜமாவே பச்சைன்னு நம்புவா." மே மாதம் அறக்கட்டளைக்கு உதவுகிற வெளிநாட்டு அமைப்பிலிருந்து நான்கு பேர் வருவதாக இருந்தது. "அந்த ரெட் பால்வாடியை மூடிடலாம். 'கடினமான முடிவு'ன்னு தலைப்பு வெச்சு அதுக்கு ஒரு ஸ்லைடு போடு."

தான் போட்ட படத்தை வைத்து ஒரு பெரிய முடிவே எடுக்கப்பட்டதில் கிருத்திகாவுக்கு உச்சி குளிர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பண்ணி, வந்து ஒரு மாதத்தில் டைரக்டரே தன் பேச்சைக் கேட்கிறார் என்று சொன்னாள்.

மூடுகிற கடிதம் தயாரானதும் நோயல் அதை அவளிடம் நீட்டினான். "உனக்கு வீட்டுப் பக்கம்தானே. நீயே குடுத்துடு. எனக்கு சந்திரம்மா மூஞ்சியப் பாக்க முடியாது மேன்."

சனிக்கிழமை காலை போனாள். கார்மென்ட்ஸ் ஆலைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை, சின்னச் சமையலறை, முன்னால் மரக்கேட். கேட்டுக்கு வெளியே இடுப்பில் குழந்தையோடு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். உள்ளே உத்தரத்திலிருந்து தொங்கும் தராசுத் தூளியில் ஒரு குழந்தை வீறிட்டுக் கத்த, அதன் கன்னத்தில் ஒட்டியிருந்த கஞ்சியைத் துடைத்தபடியே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள் சந்திரம்மா. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினாறு வருஷமாக இதே அறை.

அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "நீதான் படம் போட்ற பொண்ணா? நோயலு சொன்னாரு. உக்காரு கண்ணு, கஞ்சி குடிக்கிறியா?" என்றாள்.

கடிதம் கையில் இருக்கக் கஞ்சி எப்படி இறங்கும்? கிருத்திகா படத்தை எடுத்துக் காட்டி, பூசி மெழுகி, சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னாள். சந்திரம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சிவப்பா? நான் ஊதாப் பேனாலதானே எழுதறேன்?"

"இல்லக்கா, சிவப்புன்னா சரியில்லன்னு அர்த்தம். உங்க பால்வாடில மட்டும் எடை ஏறவே இல்ல."

"யாருக்கு ஏறல? பேரச் சொல்லு."

சராசரிக்குப் பெயர் கிடையாது. சந்திரம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதே பெயர்களைத் தனக்காக எழுதிவைத்திருந்த பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்து, கோடு போட்ட பெயர்களின் மேல் விரலை வைத்தாள். "இந்தா, ஷாகிரா. ஏழு கிலோவுல வந்தா. பத்து மாசத்துல பதினொண்ணு. இது மல்லேஷு. எட்டுல வந்தான், பன்னெண்டுல போனான். இவளுக்குப் பேச்சே வராது, போறப்ப என்னையே திட்டிட்டுப் போனா."

"எங்க போனாங்க?"

"கவர்மெண்டு அங்கன்வாடிக்கு. தேறிட்டா அனுப்பிட்டு, அடுத்து நிக்கற ஒல்லிப் பிள்ளயச் சேக்கணும்னு தானே விதி? ஏழாம் நம்பரு. சாரு வந்த புதுசுல எல்லாரையும் மனப்பாடம் பண்ண வெச்சாரே."

"அப்ப இந்தக் கோடு...?"

"தேறிட்டாங்கன்னு கோடு. ரிஜிஸ்டர்ல அத எழுத எடமே உடல, அதான் பேரு மேலயே இழுத்துட்டேன்."

கிருத்திகா தன் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். அவள் டிராப்-அவுட் என்று எழுதிய அறுபத்தொன்றும் அறுபத்தோரு வெற்றி. ஏறினவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, புதிதாக ஒல்லிக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தால் சராசரி எங்கிருந்து ஏறும்? சந்திரம்மா நன்றாகத் தேற்றுகிறாள் என்று தெரிந்து இன்னும் மோசமான நிலையில் இருக்கிற குழந்தைகளாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதனால் கோடு இறங்கியே விட்டது. மற்ற ஆறு பால்வாடிகளிலும் யாரையும் அனுப்புவதில்லை. பழகின குழந்தை அழாது, சட்டையில் போகாது, சொன்ன இடத்தில் உட்காரும். அதை அனுப்பிவிட்டு வயிற்றுப்போக்கோடு வருகிற புதுக் குழந்தையை யார் சேர்ப்பார்கள்? அங்கே இரண்டு வயதில் சேர்ந்தவர்கள் நான்கு வயதாகி, தாமாகவே வளர்ந்து கோட்டைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். குழந்தை என்றால் வளரும். அறக்கட்டளைக்குச் சொல்லாமல்கூட வளரும்.

கடிதத்தைக் கொடுக்காமலேயே திரும்பி வந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து புதுப் படம் போட்டாள். குழந்தைக்கு ஒரு கோடு. பொம்மனஹள்ளியில் எண்பத்து மூன்று கோடுகள், ஒவ்வொன்றும் தாழ்வில் தொடங்கி விறுவிறுவென்று ஏறி, தேறின இடத்தில் நின்றுவிடும். வாழ்க்கையில் அவள் செய்த முதல் நல்ல படம் அதுதான். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அதைச் சேஷகிரியின் மேஜையில் விரித்தாள்.

"என்னம்மா இது? சேமியாவைக் கொட்டின மாதிரி?"

பொறுமையாக விளக்கினாள். சேஷகிரி முட்டாள் அல்ல. பாதி சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அந்த அலுவலகத்தில் கதவு சாத்தி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"விதி ஏழு. அதை டிராஃப்ட் பண்ணதே நான்தான்."

"ஆமா சார். சந்திரம்மாக்கா ஒருத்தங்கதான் அதன்படி நடக்கறாங்க."

"அப்போ மத்த ஆறும்?"

"அந்தக் குழந்தைங்க எப்பவோ தேறிட்டாங்க சார். அனுப்பியிருக்கணும். அந்த இடத்துல இன்னும் நூறு குழந்தைங்களாவது வந்துபோயிருக்கலாம்."

சேஷகிரி படத்தை நான்காக மடித்தார். எட்டாகவும் மடித்தார். "இதோ பாரும்மா. ஒண்ணு ரெட்டா இருந்தா அது நேர்மை. ஆறு ரெட்டா இருந்தா அது என்கொயரி. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் கத்துண்டது அவ்வளவுதான். வரவாளுக்கு ஒரு ஸ்லைடுக்கு நாலு நிமிஷம். நாலு நிமிஷத்துல சேமியாவை யார் பிரிச்சுப் பாக்கறது? பொம்மனஹள்ளியை மூடறது மூடறதுதான்."

கிருத்திகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு குழந்தைகளையும் தெருவுக்கு அனுப்பப்போவது சேஷகிரி அல்ல, அவள் போட்ட சிவப்பு. அந்தப் பதற்றத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது. உதிக்காமலே இருந்திருக்கலாம்.

"சார், மூடிட்டா கோடு பாதில நின்னுடும். பாக்க நல்லாவே இருக்காது. அதே கோடு சிவப்பா இறங்கி, உங்க முயற்சியால பச்சையாத் திரும்பி ஏறினா எப்படி இருக்கும்?"

சேஷகிரியின் முகம் மெல்ல மலர்ந்தது. "கலர் மாறுமா?"

"மூணு மாசம் குடுங்க சார்."

அன்று சாயங்காலமே பொம்மனஹள்ளிக்குப் போய்ச் சந்திரம்மாவிடம் சொன்னாள். மூன்று மாதத்துக்குத் தேறினவர்கள் யாரையும் அனுப்பக் கூடாது. இடையில் யாராவது ஊரைவிட்டுப் போய் இடம் காலியானாலும், ரொம்ப ஒல்லியான குழந்தைகள் யாரையும் சேர்க்கக் கூடாது.

சந்திரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒல்லியா இருக்கறதுங்களுக்குத்தானேம்மா இந்த எடமே?"

"மூடிட்டா உள்ள இருக்கற இருபத்திரெண்டுக்கும் இடம் இல்லக்கா. மூணே மாசம். மே மாசம் அவங்க வந்து பாத்துட்டுப் போனதும் பழையபடி நீங்க உங்க விதிப்படி நடத்துங்க."

உள்ளே ஒரு குழந்தை மற்றொன்றின் தலையில் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. சந்திரம்மா போய் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, "எவ்ளோ ஒல்லின்னா சேக்கக் கூடாது? கேட்டுல நிக்கறவங்களுக்கு நான் ஒரு நம்பரு சொல்லணுமில்ல?" என்றாள்.

கிருத்திகா பையிலிருந்து நோட்டை எடுத்து, அங்கேயே கணக்குப் போட்டாள். "பத்து கிலோக்கா. பத்துக்குக் கீழ சேத்தா சராசரி விழுந்துடும்."

மூன்று மாதம் சந்திரம்மா சொன்னபடி செய்தாள். தேறின குழந்தைகள் மேலும் தேறின. சில பேருக்குத் தராசுத் தூளி பத்தவில்லை, கால் வெளியே தொங்கியது. கேட்டுக்கு வெளியே வந்து நின்றவர்கள் நம்பரைக் கேட்டுக்கொண்டு போனார்கள். கோடு எட்டே முக்காலிலிருந்து பத்தரைக்கு ஏறி, பச்சைப்பசேலென்று நின்றது.

மே மாதம் எம்.ஜி. ரோடு ஓட்டல் ஒன்றின் அரங்கில் விழா. வெளிநாட்டு விருந்தினர்கள் நாலு பேரும் சிவப்பு பச்சையாகத் திரும்புகிற இடத்தில் கைதட்டினார்கள். எப்படிச் சாதித்தீர்கள் என்று அவர்களில் ஒரு பெண்மணி கேட்டாள். சேஷகிரி பெருமையோடு கிருத்திகாவைக் கைகாட்டினார். மைக் அவள் கைக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் இதே மேடையில் பொம்மனஹள்ளி மூடிவிடும். "சேர்க்கை விதிமுறைகளைச் சீரமைத்தோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதற்கும் கைதட்டல். ஒரு விருந்தினர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சந்திரம்மாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, கண்ணாடிக் கேடயம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். போட்டோவுக்கு நிற்கும்போது பக்கத்தில் நின்ற கிருத்திகாவின் காதில், வாயை அசைக்காமல் கேட்டாள். "அவ்ளோதானே? நாளைலேந்து சேத்துக்கலாமில்ல?"

"சேத்துக்கலாம்க்கா" என்றாள் கிருத்திகா. அந்த நிமிஷத்தில் அவளைவிடச் சந்தோஷமானவள் அந்த அரங்கில் இல்லை.

சந்திரம்மா மறுநாளே நாலு குழந்தைகளை அங்கன்வாடிக்கு அனுப்பிவிட்டாள். அதற்கடுத்த நாள் சேஷகிரி கிருத்திகாவைக் கூப்பிட்டுச் சுற்றறிக்கை ஒன்றைத் தட்டச்சு செய்யச் சொன்னார். 'பொம்மனஹள்ளி மாடல்' என்று தலைப்பு. இனி ஏழு பால்வாடிகளிலும் பத்துக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளைச் சேர்ப்பதற்கில்லை.

"சார், அது கோட்டைத் தூக்கறதுக்காக மூணு மாசத்துக்கு மட்டும் பண்ணது. எடை கம்மியா இருக்கற குழந்தைங்களுக்காகத்தானே சார் நாம...?"

"ஜெயிச்சுண்டிருக்கறதை யாராவது நடுவுல நிறுத்துவாளாம்மா? அவாளே எழுதி எடுத்துண்டு போயிட்டா. வேற நாட்டுலகூட பண்ணப்போறாளாம்." பிறகு குரலைத் தணித்து, "நோடம்மா, இங்க பாரு, உன் சர்டிஃபிகேட்ல 'எக்ஸலன்ட்'னு போட்டிருக்கேன்" என்றார்.

கிருத்திகா சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தாள். எழுத்துப்பிழை இல்லாமல், இரண்டு ஓரமும் நேராக வரும்படி செய்தாள். நோயல் ஏழு பிரதிகளையும் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அதற்கப்புறம் பதினைந்து நாள் அவள் பொம்மனஹள்ளிப் பால்வாடி இருக்கிற சந்துப் பக்கமே போகவில்லை. விடுதிக்கு வேறு வழியாகச் சுற்றிப் போனாள். சான்றிதழ் கைக்கு வந்து, ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில், சொல்லிக்கொள்ளாமல் போவது தாங்காமல் அரைக் கிலோ மைசூர்பாக்கோடு போனாள்.

மரக்கேட்டுக்கு வெளியே நாலு பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லார் இடுப்பிலும் குழந்தை. உள்ளே நாலு தட்டுகள் கவிழ்த்தபடி இருந்தன. சந்திரம்மா கஞ்சியைக் கிண்டிக்கொண்டே நிமிர்ந்தாள். மைசூர்பாக்கை வாங்கி ஓரமாக வைத்தாள். கோபப்படவில்லை. திட்டியிருந்தால் கிருத்திகாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாலு எடம் காலி. பதினஞ்சு நாளா பத்து கிலோ புள்ள ஒண்ணுகூட வரல. பத்து கிலோ இருந்தா எதுக்கு இங்க வரப் போறாங்க?" கரண்டியால் கேட்டைக் காட்டினாள். "அதுங்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. நம்பரு போட்டது நீதானே கண்ணு. இன்னிக்கு நீயே போய் சொல்லு."

கிருத்திகா போனாள். முதலில் நின்றவள் ஆலையின் நீல மேலங்கி போட்டிருந்தாள். பெயர் பாமா என்று அங்கியில் தைத்திருந்தது. இடுப்பில் இருந்த பெண் குழந்தைக்கு இரண்டரை வயது என்றாள், நம்ப முடியவில்லை. கழுத்தில் அட்டை தொங்கிய கிருத்திகாவைப் பார்த்ததும் அவசரமாகக் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"பத்து கிலோ இருந்தாத்தான் சேக்க முடியும்மா" என்றாள் கிருத்திகா. தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

பாமா சண்டைக்கு வரவில்லை. தலையை ஆட்டினாள். பெரிய ஆபீசில் சொன்னால் காரணம் இருக்கும் என்று நம்புகிற முகம். "இவ எட்டுகூட வரமாட்டா மேடம். ரெண்டு கிலோ ஏத்திட்டுக் கூட்டிட்டு வந்தா சேத்துக்குவீங்களா?" கொஞ்சம் தயங்கினாள். "என்னா குடுத்தா மேடம் சீக்கிரம் ஏறும்?"

உள்ளேயிருந்து ராகிக் கஞ்சி கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. அடுப்பில் முட்டைகள் தட்டித் தட்டி வெந்தன. கிருத்திகாவுக்கு அவமானத்தில் காது மடலெல்லாம் எரிந்தது. படித்த படிப்பு, வாங்கிய சான்றிதழ், கேட்ட கைதட்டல் எல்லாவற்றின்மீதும் ஆத்திரம் வந்தது. கேட்டைத் திறந்து, கையை நீட்டிக் குழந்தையை வாங்கினாள். ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம்தான் இருப்பதாகத் தோன்றியது.

தூளியில் உட்காரவைத்தாள். முள் ஆடி ஆடி ஏழு கிலோ தொள்ளாயிரத்தில் நின்றது. சந்திரம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிருத்திகா ரிஜிஸ்டரைத் திறந்து, ஊதாப் பேனாவை எடுத்து, பாமாவிடம் கேட்டு 'அனுஷா' என்று பெயர் எழுதினாள். எடைக் கட்டத்தில் ஒரு நிமிஷம் பேனா நின்றது. பிறகு 10.400 என்று அழுத்தமாக எழுதினாள்.

சந்திரம்மா அருகில் வந்து குனிந்து படித்தாள். "பத்து நானூறா? அப்போ இவளுக்கு நெஜமாவே ரெண்டரை கிலோ ஏறினாலும், உன் படத்துல ஏறவே இல்லன்னுதானே வரும்?"

"ஆமாக்கா."

"அதுக்கு மேல நான் ஏத்துறது மட்டும்தான் கணக்கு."

"ஆமாக்கா."

சந்திரம்மா கவிழ்ந்திருந்த தட்டுகளில் ஒன்றை நிமிர்த்திக் கஞ்சியை ஊற்றி, ஊதி ஆற்றிக் குழந்தையின் முன்னால் வைத்தாள். "நீ வேலைக்குப் போம்மா, சைரன் ஊதிருவான். சாயங்காலம் அஞ்சரைக்கு வந்து கூட்டிக்கோ" என்று பாமாவை அனுப்பினாள். அப்புறம் கேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கிருத்திகாவிடம் சொன்னாள்.

"இன்னும் மூணு பேர் நிக்கறாங்க. பேனாவ மூடாத."